தற்காப்புக் கழகமும் தற்காக்குங் கடமையும்

விழா மலர்களிற் பழம்பெருமை பேசுதல் மரபு. கல்லூரியைத் தாபித்த பெரியோரையும், அதனைப் பேணி வளர்த்த அதிபர்களையும், துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் புகழீட்டிய வீரரையும் ஏனையோர் இம்மலரிற் செவ்வனே போற்றுவர். யாம் அத்துணைப் பேசப்படாத ஒன்றைக் குறித்துச் சில கூற விழைகின்றோம். பாடசாலை விட்டபின் மண்டபத்தில் வெள்ளுடை தரித்து, இடையிற் பட்டி கட்டி, நம் மாணவர் கராத்தே பயில்கின்றனர். மைதானத்தின் ஓரத்தே வேறு சிலர் சிலம்பக் கோல் சுழற்றுகின்றனர். இலக்கணங் கற்பிக்குந் தமிழாசிரியனுக்கு இவற்றுள் என்ன அலுவல் என வினவுவார் உளராயின், முற்பகலில் எம்முன் அமர்ந்து பாடங் கேட்கும் பிள்ளையே பிற்பகலில் அங்கு நிற்கின்றான் என்பதே எமது விடை.

இக்கலைகளுக்கு யாம் பகைவரல்லேம். உடலுறுதியும், கூச்சம் நீங்கிய நடையும், சினத்தை அடக்கும் பழக்கமும் இவற்றாற் கைவரப்பெற்ற மாணவர் பலரை யாமறிவோம். யூடோ 1964 ஆம் ஆண்டிலும், கராத்தே 2021 இல் நடந்த தோக்கியோ விழாவிலும் ஒலிம்பிக் அரங்கேறின. சிலம்பமோ நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம். ஆகவே, பாடசாலையில் இவை வேண்டுமா என்பது இன்று வினாவன்று. ஒரு பிள்ளை அங்கே காயமுற்றால் அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதே வினா. பயிற்றுநர் ஒருவரை அமர்த்தி, மண்டபத் திறப்பை அவர் கையிற் கொடுத்துவிட்டால் கல்லூரியின் கடமை முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். கடமை அங்கேதான் தொடங்குகின்றது என்பது எமது துணிபு.

இக்கலைகளை இன்றைய வடிவிற் பரப்பியோர் யாவர் என்று நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். 1882 இல் யூடோவைத் தோற்றுவித்த யிகோரோ கானோ என்பார் ஆசிரியர். தோக்கியோவில் ஆசிரியர்களைப் பயிற்றும் உயர்கலாசாலையின் அதிபராகவும் விளங்கியவர். ஒக்கினாவாத் தீவின் கராத்தேயை யப்பானின் பெருநிலத்திற் பரப்பிய கிச்சின் வுனகோசியும் பள்ளியாசிரியரே. கானோ பழைய மற்போர் முறைகளை ஆராய்ந்து, உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு செய்வனவற்றைக் கட்டற்ற பயிற்சியினின்று விலக்கினார். எறியக் கற்குமுன் விழக் கற்பித்தலை முதற்பாடமாக்கினார். பிள்ளைகள் நாளையும் பள்ளிக்கு வரவேண்டியவர்கள் என்பதை அவ்வாசிரியர் மறந்திலர். பாதுகாப்பு என்பது கலையின் வீரியத்தைக் குறைக்கப் பிற்காலத்தார் புகுத்திய தளர்ச்சி என்று கூறுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வாராக.

நம் மரபிலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. திருக்குறட் பொருட்பாலில் 48 ஆம் அதிகாரம் வலியறிதல், 49 ஆம் அதிகாரம் காலமறிதல், 50 ஆம் அதிகாரம் இடனறிதல், 51 ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். வேந்தனை நோக்கிக் கூறப்பட்டனவாயினும், பள்ளி மண்டபத்தில் நிகழும் பயிற்சிக்கும் இந்நான்கு தலைப்புக்களும் நன்கு பொருந்துகின்றன.

வலியை முதலிற் கொள்வோம். ஒரே வகுப்பிற் பயிலும் இருவருள் ஒருவன் முப்பத்தைந்து கிலோவும் மற்றவன் அறுபது கிலோவும் இருத்தல் கூடும். பட்டியின் நிறம் ஒன்றென்று கருதி இவ்விருவரையும் மோதவிடுதல் முறையன்று. நிறை, வயது, பயின்ற காலம் ஆகிய மூன்றும் ஒத்துப்பார்த்தே இணை சேர்த்தல் வேண்டும். தொய்வு, வலிப்பு, இதயநோய் என்பன உளவா, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதிலே திடீரென இறந்தார் உளரா என்பவற்றைப் பெற்றாரிடம் எழுத்திற் கேட்டுப் பெறுதலுக்கு ஒரு தாள் போதும். நிறைப் பிரிவிற் புகுவதற்காகப் பிள்ளையைப் பட்டினியிட்டும், நீரருந்தாது வியர்க்க ஓடவிட்டும் நிறை குறைக்கும் வழக்கத்தை அடியோடு விலக்குதல் வேண்டும். 1997 ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி மல்லர் மூவர், ஐந்து வார காலத்துள், இவ்வாறு நிறை குறைக்க முயன்று உயிர் நீத்தனர். அதன் பின்னரே ஆங்கு இறப்பர் உடையும் வெப்ப அறையும் தடைசெய்யப்பட்டன.

காலமறிதல் நம் நாட்டிற்கு இன்னும் இன்றியமையாதது. சித்திரை, வைகாசி மாதங்களிற் பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழே தடித்த உடையுடன் ஒரு மணிநேரம் குதிப்பது எத்தகையது என்பதை அனுபவித்தாரே அறிவர். தண்ணீர் கேட்பது கோழைத்தனம் என்று பிள்ளைக்கு ஒருபோதும் கற்பிக்கலாகாது. வெப்பத்தால் ஒருவன் தடுமாறினாலும், பொருத்தமின்றிப் பேசினாலும், மயங்கினாலும் நிழலிற் கிடத்தி, உடையைத் தளர்த்தி, குளிர்நீரால் உடலை நனைத்து விசிறுதல் வேண்டும். காவுவண்டியை அழைத்துவிட்டு வாளா இருத்தல் தகாது; அது வரும்வரை குளிர்வித்தல் நிற்கலாகாது. டெங்குக் காய்ச்சலில் எழுந்த பிள்ளையை மறுகிழமையே களத்தில் இறக்குதலும் காலமறியாமையே.

இடனறிதலுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; கண் வேண்டும். சீமெந்துத் தரையில் எறிதலும் வீழ்தலும் பயிலுதல் கூடாது. மெத்தைகளுக்கிடையே விரல் நுழையும் வெளி இருப்பின் அங்கேதான் கணுக்கால் மடியும். தூணும் மேசை விளிம்பும் களத்தருகே இருத்தலாகாது. சிலம்பம் பயில்வோர் கோலின் நீளத்திற்கு மேற்பட்ட இடைவெளி விட்டு நிற்றலும், வெடித்த மூங்கிலையும் சிலாம்பு கிளம்பிய பிரம்பையும் உடனே ஒதுக்குதலும், இருவர் எதிர்நின்று வீசும்போது கண்காப்பு அணிதலும் கட்டாயமாதல் வேண்டும். கண்ணொன்று போயின் பதக்கம் எத்தனை வந்தென்ன? மெத்தையை நாடோறும் கழுவித் துடையாவிடிற் படர்தாமரையும் சிரங்கும் ஒருவர் மேனியினின்று பலர் மேனிக்குத் தாவும். குருதி கசிந்தால் ஆட்டத்தை நிறுத்திக் காயத்தை மூடிய பின்னரே தொடர்தல் வேண்டும். பரிசளிப்பு விழாக்களிற் சிறுவர் தலையால் ஓடுடைப்பதையும், வயிற்றின்மீது மோட்டார்ச் சைக்கிள் ஏற்றுவிப்பதையும் கண்டு கைதட்டும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. அஃது எக்கலையிலும் சேராத வெறுங் கூத்து. அதனை மேடையேற்றும் பாடசாலை தன் மாணவரின் தலையைத் தானே பந்தயம் வைக்கின்றது.

தெரிந்துதெளிதல் என்பது பயிற்றுநரைத் தேர்தல். கறுப்புப் பட்டி ஒருவரின் திறமைக்குச் சான்று. பிள்ளைகளைப் பயிற்றும் பொறுமைக்கோ, முதலுதவி அறிவிற்கோ, ஒழுக்கத்திற்கோ அது சான்றாகாது. பட்டி வழங்கிய சங்கம் எது, முன்னர்க் கற்பித்த இடங்களில் அவரைப் பற்றி என்ன கூறுகின்றனர், முதலுதவிப் பயிற்சி பெற்றவரா என்பவற்றை அதிபர் நேரில் விசாரித்தறிதல் வேண்டும். பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிய கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. பிந்தி வந்தவனைப் பிரம்பால் அடித்துவிட்டு, அதனைப் பயிற்சி என்று பெயரிட்டழைக்கப் பயிற்றுநருக்கு உரிமை இல்லை. பூட்டிய அறையில் தனியொரு பிள்ளைக்குத் தனிப்பயிற்சி அளித்தலும் வேண்டா. மாணவியர் பயிலுமிடத்து ஆசிரியை ஒருவர் உடனிருத்தல் வேண்டும். தீங்கு நேரின் முறையிடுதற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னுந் தொலைபேசி இலக்கம் மண்டபச் சுவரிற் பெரிதாக எழுதப்படுதல் நன்று.

இவை யாவற்றினும் பெரிதாக யாம் கருதுவது ஒன்றுண்டு. அது தலையிற் படும் அடி. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிற் செய்யுளைத் தங்குதடையின்றி ஒப்புவிக்கும் மாணவன் ஒருவன், ஒரு காலைப்பொழுதில் முதலடியைச் சொல்லி, அடுத்த அடி தோன்றாது விழித்தான். கரும்பலகையைப் பார்க்கக் கண் கூசுகிறது என்றான். விசாரித்தபோது, முதல்நாள் மாலை வெளியே ஒரு கழகத்தில் வீழ்ந்து பிடரி அடிபட்டதாகவும், எழுந்து மீண்டும் மோதியதாகவும், அதற்காகப் பாராட்டுப் பெற்றதாகவும் கூறினான். அவனை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மூளையதிர்ச்சி என்று வைத்தியர் கூறினர். சில கிழமைகளில் தேறினான். அவனது நல்லூழ் அது. எல்லார்க்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

மூளையதிர்ச்சிக்கு மயக்கம் வேண்டுமென்பதில்லை. பெரும்பாலார் நினைவிழப்பதே இல்லை. தலையிடி, குமட்டல், தள்ளாட்டம், மறதி, ஒளி பொறாமை, கேட்டதையே மீண்டும் கேட்டல் என்பன குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கு அப்பிள்ளைக்குப் பயிற்சி முடிந்தது. ஐயமிருப்பினும் அவ்வாறே. மீண்டும் மீண்டும் வாந்தி, வளரும் தலையிடி, உறக்கச் சோர்வு, வலிப்பு என்பன தோன்றின் ஒரு கணமும் தாழ்க்கலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவசக் காவுவண்டி வரும். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பின்னர் வகுப்பு, அதன்பின் தனிப்பயிற்சி, வைத்தியர் இசைந்த பின்னரே எதிராளியுடன் மோதல் என்பதே இன்றைய மருத்துவர் வகுத்த ஒழுங்கு. முதலதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி சிறிதாயினும் இளைஞர்க்கு உயிரிறுதி ஆதல் கூடும்.

“அக்காலத்தில் நாமும் விழுந்தோம், எழுந்தோம், நமக்கு என்ன நேர்ந்தது?” எனப் பழைய மாணவரிற் சிலர் கேட்பர். நேர்மையான வினாவே. ஆயினும், எழுந்தவரே இன்று இவ்வினாவை எழுப்புகின்றனர், எழாதவர் எழுப்புதற்கில்லை. யூடோவின் தாயகமாகிய யப்பானிலும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பாடசாலை விபத்துப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1983 முதல் 2011 வரை அந்நாட்டுப் பாடசாலை யூடோவில் 118 மாணவர் இறந்தமை வெளிப்பட்டது. அவருட் பெரும்பாலார் தலைக்காயத்தால் மாண்டவர்; பயிற்சியிற் புதியோர் பலர். தலை நிலத்தில் மோதாதபோதும், வேகமாக எறியப்படுகையில் மூளையை அடுத்த நாளங்கள் அறுதல் கூடும் என்பதும் தெளிவாயிற்று. பெற்றார் ஒன்றுகூடிக் குரலெழுப்பிய பின்னர் விதிகள் இறுகின. இறப்புக்களும் பெரிதுங் குறைந்தன. எண்ணிப் பார்க்குமளவும் தனித்தனி விபத்தாகத் தோன்றியது, எண்ணியபின் தவிர்க்கத்தக்க ஒன்றாகத் தெரிந்தது. ஆதலின் நம் கழகங்களிலும் பதிவேடு ஒன்று வேண்டும். ஒவ்வொரு காயமும், சிறிதாயினும், நாளுடன் அதில் எழுதப்படுக.

பொறுப்பினைப் பகுத்துரைத்தல் எளிது. கழகத்திற்கு இசைவளிப்பவர் அதிபர். ஆதலின் விசாரணை அவர் கடன். பயிற்சி நடக்கும்போது மண்டபத்தில் இருத்தல் பொறுப்பாசிரியர் கடன். தன் மாணவனை நிறுத்துதல் பயிற்றுநர் கடன். நோயை மறையாது கூறுதல் பெற்றார் கடன். வலித்தால் வலிக்கிறது என்றும், தோழன் தடுமாறினால் அவனுக்கு இயலவில்லை என்றும் வாய்திறந்து சொல்லுதல் மாணவர் கடன். இறுதியிற் கூறியதே யாவற்றினும் அரிது. மாணவரே, எதிராளி மெத்தையைத் தட்டினாற் பிடியை விடுகின்றீர்கள் அல்லவா? அச்சிறு தட்டலை மதிக்கும் பண்பே நீங்கள் கற்கும் கலையின் உயிர். உங்கள் உடல் தட்டும்போதும் அதனை அவ்வாறே மதியுங்கள்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாவை முன்னிட்டுக் கேடயங்களும் கிண்ணங்களும் வழங்க முன்வருவீர்கள். அலுமாரியில் ஏற்கெனவே இடமில்லை. அப்பொருளைக் கொண்டு நல்ல மெத்தைகள் வாங்கித் தாருங்கள். தலைக்காப்பும், வாய்க்காப்பும், கண்காப்பும், நிரம்பிய முதலுதவிப் பெட்டியும் தாருங்கள். உங்களுள் வைத்தியர் பலர் உளர். ஆண்டுக்கு ஒரு நாள் வந்து பிள்ளைகளைப் பரிசோதித்து, ஆசிரியர்க்கும் பயிற்றுநர்க்கும் முதலுதவி கற்பித்துச் செல்லுங்கள். நின்றுபோன இதயத்தை மார்பழுத்தி மீட்கும் முறையை நம் ஆசிரியர் பத்துப் பேர் அறிந்திருப்பின், அது கழகத்திற்கு மட்டுமன்று, விளையாட்டுப்போட்டி நாளிற் பெருவெயிலில் ஓடும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் காணவரும் முதியோர்க்கும் உதவும். இக்கொடைகளிற் பெயர் பொறித்தல் அரிது. ஆயினும், மாலையிற் பயிற்சி முடிந்து வீடு திரும்பும் பிள்ளை மறுநாட் காலை தெளிந்த தலையோடு வகுப்பில் வந்தமர்வானாயின், அதனினும் சிறந்த விழாக் கொடை வேறு யாது? அடுத்த தவணை தொடங்குமுன் பழைய மாணவர் சங்கம் இதனை ஆராய்ந்து ஆவன செய்யுமென எதிர்பார்க்கின்றோம்.