குழுக் கணக்கு யார் போனில் இருக்கிறது?

மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் சகோதரிகளுக்கு இந்த இதழில் ஒரு சின்னப் பரீட்சை. போன வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்ட முடியுமா? "அது அக்கா போன்லதான் இருக்கு, அக்கா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பதில் வந்தால், மேலே படியுங்கள்.

நம் மாநிலத்தில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி இது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல குழுவுக்குப் 'பஞ்சசூத்திரம்' என்று ஐந்து சொல்வார்கள்: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, குழுவுக்குள் கடன், தவணை தவறாமை, ஒழுங்கான கணக்கு. இந்தக் கடைசி ஒன்று தடுமாறினால், முதல் நான்கையும் செய்தோம் என்பதற்குச் சாட்சியே இல்லை.

இப்போது நோட்டுப் புத்தகத்தோடு போனும் சேர்ந்துகொண்டது. 2015-ல் நபார்டே 'இ-சக்தி' என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. நாமோ ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதோடு, பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். எங்கே பத்திரம்? காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே அது புதைந்து கிடக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் போச்சு!

கடன் வாங்கிய ஒருத்தி பத்தாவது தவணையையும் ஒழுங்காகக் கட்டியிருப்பாள். ரசீதுப் படம் பழைய ஊக்குநரின் பழைய போனோடு போயிருக்கும். "கட்டிட்டேன் அக்கா", "எங்கேம்மா, காணோமே" என்று பேச்சு முற்றும். ஐந்நூறு ரூபாய் சமாசாரம்தான். ஆனால் இருபது பேர் நடுவே அவள் பெயர் கெடுகிறதே!

நம் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். மாமியார் பார்க்காமலே கடுகை எடுப்பார். புது மருமகளும் இரண்டே நாளில் எடுத்துவிடுவாள். எது எங்கே என்பது மாறாததுதான் காரணம். குழுவின் பதிவுகளுக்கும் அதே வழிதான்.

1. குழுவின் பெயரில் தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள். அதோடு கிடைக்கும் இணையச் சேமிப்பிடமே உங்கள் பெட்டி. கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

2. உள்ளே ஐந்தே அறைகள் போதும்: தீர்மானம், சேமிப்பு, கடன், வங்கி, உறுப்பினர். ஒவ்வொன்றிலும் வருஷவாரியாகப் பிரியுங்கள். அறை கூடினால் குழப்பமும் கூடும்.

3. ஒவ்வொரு கோப்புக்கும் தேதியோடு பெயர் வையுங்கள். வருஷம் முதலில், பிறகு மாதம், நாள்: '2025-08-14 தீர்மானம்' என்பதுபோல. இப்படி எழுதினால் கணினி தானாகவே தேதி வரிசையில் அடுக்கிவிடும். 'கடைசி', 'புதுக் கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்தால், எது உண்மையில் கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது.

4. கையெழுத்தான பிறகு பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள். திருத்தம் வந்தால் புதுத் தேதியில் புதுக் கோப்பு, பழையதும் இருக்கட்டும்.

5. மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, வேறொரு உறுப்பினர் வீட்டில் வையுங்கள். எடுத்ததோடு விடாமல், திறக்கிறதா என்றும் பாருங்கள்.

6. உறுப்பினர்களின் ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் உலவ விடாதீர்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் உண்டு. அது போதுமென்கிற இடத்தில் அதையே கொடுங்கள்.

7. ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறும்போது சாவி கைமாறுவதுபோல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அந்தக் கணக்கில் பதிந்த போன் நம்பரையும் மாற்ற வேண்டும்; இதைத்தான் பலரும் மறந்துபோகிறார்கள். ஒப்படைத்ததைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

"எல்லாம்தான் போனில் ஏறிவிட்டதே, நோட்டு எதற்கு?" என்று கேட்கும் சின்னப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது, வாஸ்தவம். அதற்காகக் கையெழுத்துப் போட்ட தீர்மான நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் தேடி எடுப்பதற்கு; சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பழையதையெல்லாம் ஒரே நாளில் அடுக்க வேண்டாம், மலைப்பாக இருக்கும். அன்றைய தீர்மானத்தில் தொடங்கி, நிலுவையில் உள்ள கடன்களின் ரசீதுகளை முதலில் சேருங்கள். பிறகு குழுவிலேயே இளையவளிடம் போனைக் கொடுத்து, ஒரு ரசீதைத் தேடச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் அவள் எடுத்துக் காட்டிவிட்டால், உங்கள் பெட்டி தயார்.