கேமரா இருக்கட்டும், குளிருக்கு என்ன வழி?

போன வாரம் பதிவுலக நண்பர் ஒருத்தர்கிட்டேர்ந்து தனிமடல். வேலை மாறி சியாட்டில் வந்துட்டாராம். "தண்ணிக்குள்ள போட்டோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்? 3,000 டாலர் ஒதுக்கி வச்சிருக்கேன்"னு கேட்டிருந்தார். ரெண்டு வரியில பதில் சொன்னா கோவிச்சுக்குவார். அதான் பதிவாவே போட்டுட்டேன்.

பதில் இதான்: கேமரா வாங்காதீங்க சாமி. இப்போதைக்கு.

நானும் அவரை மாதிரி ஆசையோட வந்தவன்தான். புதுச்சேரியில டைவிங் கத்துக்கிட்டேன். அங்க தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், மெல்லிசா ஒரு 3 மிமீ சூட் போதும். இங்க பியூஜெட் சவுண்ட்ல ஆழத்துல வருஷம் பூரா 7லேர்ந்து 13 டிகிரிதான். காத்தை விட தண்ணி உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உறிஞ்சும்னு பாடத்துல படிச்சிருந்தேன். பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் எப்ப நம்ம மண்டையில நின்னிருக்கு?

மூணு வருஷம் முன்னாடி ஒரு பிப்ரவரி. கடையில "7 மிமீ வெட்சூட் தாராளம், எல்லாரும் அதுலதான் இறங்குறாங்க"ன்னாங்க. சூட்டை மலிவா முடிச்சுக்கிட்டு மிச்சக் காசுல கேமராவும் ஹவுசிங்கும் வாங்கிட்டேன். மேற்கு சியாட்டில்ல சீக்ரெஸ்ட் பார்க், கோவ் 2. ராட்சத ஆக்டோபஸ் பொந்துக்குள்ள இருக்கும் இடம். (2012ல அங்க ஒருத்தர் ஒண்ணைப் பிடிச்சுட்டுப் போக, ஊரே கொதிச்செழுந்துச்சு. 2013ல அந்த இடத்தையும் சேர்த்து ஏழு இடத்துல பிடிக்கத் தடை போட்டாங்க. ஆக, போட்டோ மட்டும்தான்.)

பார்த்தேங்க! பொந்து ஓரத்துல ஒரு கை மட்டும், வரிசையா வட்ட வட்டமா. பத்து நிமிஷம் அசையாம எடுத்துத் தள்ளினேன். திரும்பலாம்னு பார்த்தா விரல் என்னோடதே இல்ல. நான் சரிவுல கீழ இறங்கிட்டே இருக்கேன், காத்து ஏத்துற பட்டன் எதுன்னு தடவித் தடவித் தேடுறேன், கைக்குச் சிக்கல. கூட வந்தவர் பார்த்துட்டு தோள்பட்டையைப் பிடிச்சு நிறுத்தி, அவரே என் பட்டனை அமுக்கினார். மீட்டர்ல 700 பிஎஸ்ஐதான் மிச்சம். அதைப் பார்த்து எத்தனை நிமிஷம் ஆச்சுன்னே எனக்கு நினைவில்ல.

நடந்தது இவ்வளவுதான். வெட்சூட் கதகதப்பே அதுக்குள்ள இருக்கிற காத்துக் குமிழிகளாலதான். 20 மீட்டர்ல அழுத்தம் மூணு மடங்கு, குமிழி மூணுல ஒரு பங்கா சுருங்கிடும். கதகதப்பும் போச்சு, மிதப்பும் போச்சு. "நாங்கெல்லாம் 7 மிமீலதான் காலம் ஓட்டுறோம்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, உண்மைதான். அவங்க நீந்திட்டே இருப்பாங்க. போட்டோகாரன் பொந்து முன்னாடி சிலை மாதிரி நிப்பான். அவனுக்குத்தான் குளிர் முதல்ல ஏறும். அதனாலதான் சொல்றேன், கேமரா வேணும்னு ஆசைப்படுறவன்தான் முதல்ல டிரைசூட் வாங்கணும்.

புதுசு பல சமயம் 2,000 டாலரைத் தாண்டிடும். பழசு கிடைச்சா கழுத்து, மணிக்கட்டு சீல் வெடிச்சிருக்கான்னு இழுத்துப் பாருங்க. சீல் மாத்திக்கலாம், ஜிப் போயிருந்தா செலவு கடிக்கும். உள்ள போடற கம்பளி உடுப்புலதான் நிஜமான கதகதப்பு, அதுல கஞ்சத்தனம் வேணாம். அப்புறம் பயிற்சி. சூட்டுக்குள்ள இருக்கிற காத்து காலுக்குப் போயிட்டா தலைகீழா மேல கிளம்பிடுவீங்க. நான் கிளம்பியிருக்கேன், நீச்சல் குளத்துல, எட்டு பேர் முன்னாடி :-)

ரெகுலேட்டர் குளிர் நீருக்குன்னு சீல் பண்ணினதா இருக்கட்டும். இல்லேன்னா உள்ள உறைஞ்சு காத்து தானா கொட்ட ஆரம்பிச்சிடும்.

டிரைசூட்ல பதினைஞ்சு டைவ் வெறுங்கையோட போனேன். மிதப்பு கைக்கு வந்தப்புறம்தான் கேமராவைத் தொட்டேன். அந்த முதல் நாள் படங்களா? ஆக்டோபஸ் மேல பனி பெய்யுற மாதிரி ஒரே வெள்ளைப் புள்ளி. கேமராவோட பிளாஷே தண்ணியில மிதக்கிற தூசியெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டிடுச்சு. வெளிய ஒரு ஸ்ட்ரோப் வாங்கி, கையை நீட்டி பக்கவாட்டுல வச்சப்புறம்தான் சரியாச்சு. வசந்தத்துலேர்ந்து பிளாங்க்டன் பெருகி தண்ணி பச்சைக் கஞ்சியாயிடும், அப்ப வைட் ஆங்கிள் வீண். மேக்ரோ எடுங்க, ஒரு சாண் தூரத்துல. நடுவுல தண்ணி குறைஞ்சா படம் தெளியும்.

அதுக்கு ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி சின்னதே போதும். ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும், ஹவுசிங் போட்டா 45. கடையில போய் தடிமனான கையுறையை மாட்டிக்கிட்டு எல்லா பட்டனையும் அமுக்கிப் பாருங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வீட்டுச் சூட்டுல கேமராவை உள்ள வச்சு மூடாதீங்க, குளிர் தண்ணி பட்டதும் கண்ணாடி மூடுபனி ஆயிடும். குளிர்ந்த கராஜ்ல மூடுங்க, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்க.

ஆக நண்பரே, அந்த 3,000ல டிரைசூட்டும் பயிற்சியும். மிச்சமிருந்தா கேமரா. நம்ம 7 மிமீ சூட் இன்னும் கராஜ்லதான் தொங்குது, மீடியம் சைஸ். வேணும்னா சும்மாவே தர்றேன். கரையில நின்னு போட்டோ எடுத்துக்க நல்லா இருக்கும்.