சட்டமாகுமுன் ஒரு விசாரணை

1957 செப்டம்பர் 2ஆம் தேதி திருவனந்தபுரத்துச் சட்டசபையில் நிறைவேறிய கேரளக் கல்வி மசோதா, கவர்னர் ராமகிருஷ்ண ராவின் சம்மதத்தைப் பெறாமல் ஜனாதிபதியின் பரிசீலனைக்கென்று டில்லிக்குப் போய், அங்கிருந்து அரசியல் சாசனத்தின் 143ஆவது ஷரத்தின்படி சுப்ரீம் கோர்ட்டின் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டது. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சட்டமே இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் நீதிமன்றம் விசாரித்தது.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் இது நடவாத காரியம். 1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட யுத்தத்தில் நடுநிலை வகிப்பது குறித்த சட்டப் பிரச்சினைகளில் அபிப்பிராயம் கூறுமாறு ஜனாதிபதி வாஷிங்டனின் சார்பில் ஜெபர்சன் வேண்டியபோது, பிரதம நீதிபதி ஜான் ஜேயும் சகாக்களும், வழக்காக வராத விஷயத்தில் நிர்வாகத்துக்கு யோசனை சொல்வது அதிகாரப் பிரிவினைக்கு ஒவ்வாது என்று மரியாதையாக மறுத்துவிட்டனர். அந்த மறுப்பே அங்கு மரபாயிற்று. ஆகவே, சட்டம் அமலாகி ஒருவரைப் பாதித்த பின்னரே, அல்லது பாதிக்கும் தறுவாயிலேயே, அங்கு நீதிமன்றத்தின் கதவு திறக்கும். நாமோ 1935ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் ஏற்பாட்டைச் சாசனத்திலும் ஏற்றுக்கொண்டோம். கேரள விஷயத்தில் அது நன்மையே செய்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டு, மானேஜர் கொடுத்த குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய தனியார் பள்ளி ஆசிரியர்களின் அவல நிலையைக் கண்கூடாக அறிந்தவர், தாமே நெடுங்காலம் ஆசிரியராயிருந்த கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. சம்பளத்தை அரசாங்கமே நேராகக் கொடுப்பது, பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தயாரிக்கும் பட்டியலிலிருந்து ஆசிரியர்களை நியமிப்பது, அவசியமானால் பள்ளி நிர்வாகத்தையே அரசாங்கம் மேற்கொள்வது என்று அவர் கொணர்ந்த மசோதா விரிந்தபோது, சிறுபான்மையோர், கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தமக்கு அளிக்கும் 30ஆவது ஷரத்தின் பாதுகாப்பைக் கோரினர்.

1958 மே 22ஆம் தேதி பிரதம நீதிபதி எஸ். ஆர். தாஸ் வெளியிட்ட அபிப்பிராயம், நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காதென்று கூறிச் சம்பளம், நியமனம் பற்றிய விதிகளை அனுமதித்தது. பள்ளிகளை மேற்கொள்ளும் விதிகளையும், அங்கீகாரம் பெறும் பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளில் கட்டணத்தைத் தடுக்கும் விதியையும் சிறுபான்மையோர் பள்ளிகளைப் பொறுத்தவரை ஏற்கவில்லை. நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் கட்டண விஷயத்தில் மாறுபட்டார். பள்ளி நடத்தும் உரிமையோடு அரசாங்க அங்கீகாரம் பெறும் உரிமையும் தானே வந்துவிடாது என்பது அவர் வாதம். அது இன்றும் சிந்திக்கத்தக்கது.

இந்த ஆலோசனை முறையில் அபாயங்களும் உண்டு: அனுபவத்தில் சோதிக்கப்படாத சட்டத்தை எடைபோடும்போது மெய்யான சம்பவங்கள் நீதிபதிகளின் முன் இல்லை; சர்க்கார் தன் அரசியல் சுமையை நீதிமன்றத்தின் தோளில் இறக்கிவிடவும் இடமுண்டு. தாஸின் நீதிமன்றம், ஜனாதிபதி கேட்டதற்கு அப்பால் போக மறுத்ததனாலேயே இவ்விரு அபாயங்களும் மட்டுப்பட்டன. குறைகண்ட விதிகளைச் சட்டசபையே திருத்தி அனுப்ப, 1959 பிப்ரவரியில் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி, கேரள அரசாங்கத்தை எதிர்த்து நடந்த கிளர்ச்சியின் முடிவில், முதல் மந்திரி ஈ. எம். எஸ்ஸின் மந்திரிசபை பதவிநீக்கம் செய்யப்பட்டது. ஆசிரியருக்கு அரசாங்கமே சம்பளம் தரும் ஏற்பாடோ, அடுத்து வந்த சர்க்கார்களிலும் நிலைத்தது.