மொட்டைமாடிப் பசைக்கும் அளவு உண்டு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைப் பார்த்த அபிஷேகப்பாக்கத்திலும் பாகூரிலும் வில்லியனூரிலும் மாடி ஒழுகக் கூடாது என்று கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கவலையோடு ஒரு வாதமும் சேர்ந்து வருகிறது: “ஒழுகலை அடைக்கப் பூசுவது மாடியில், வெட்டவெளியில். பசைக்கும் சீலன்டுக்கும் பசுமைக் கட்டடச் சான்றின் கரைப்பான் அளவெல்லாம் எதற்கு?” இந்த வாதத்தின் எந்தப் பகுதியும் முழுதாக நிற்காது.

“நெடி காற்றோடு போய்விடும்.”

எங்கே போகும்? டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்று அசையாத நேரத்தில் அது கைப்பிடிச் சுவருக்குள்ளேயே தங்கும். அங்கேதான் ஆள் குந்தியபடி பிரைமர் அடிக்கிறார். அவர் மூக்குக்கும் சூடேறிய தளத்துக்கும் நடுவே இரண்டடிகூட இருக்காது. தலைவலியும் கிறுகிறுப்பும் முதலில் அவருக்குத்தான்.

மீதி ஆவி வெளிக்காற்றில் கலந்தாலும் தீங்கு தீர்வதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காற்றுத்தர வாரியம் 1168 என்ற விதியைக் கொண்டுவந்ததே இந்த வெளிக்காற்றைக் காக்கத்தான். பசுமைக் கட்டடச் சான்றுகள் பசைகளுக்கு எடுத்தாளும் அளவுகள் பெரும்பாலும் அந்த விதியிலிருந்து வந்தவை.

“அந்த அளவு உட்புறத்துக்கு மட்டும்தானே?”

இதில் பாதி உண்மை உண்டு. லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்றின் பழைய பதிப்புகள் நீர்காப்புப் படலத்துக்கு உள்ளே பூசுவதை மட்டுமே கணக்கில் கொண்டன. நான்காம் பதிப்பு அங்கே நிற்கவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெளிப்புறப் பசை, சீலன்ட், கூரைப் பொருள்களையும் சேர்த்தது. கூரையில் தாரைக் காய்ச்சி ஊற்றிப் பூசும் முறையை விலக்கியது. பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கும் இடத்தில் கூரை வேலையும் உள்ளே வரும் காற்றைக் கெடுக்கும் என்பதே காரணம்.

“டின்னிலேயே ‘லோ விஓசி’ என்று இருக்கிறதே!”

விஓசி என்பது ஆவியாகும் கரிமச் சேர்மம். ‘லோ’ என்ற வார்த்தை போதாது, எண் வேண்டும். 1168 விதியின் 2005 பட்டியலில் லிட்டருக்கு உச்ச அளவு: ஒற்றைப்படலக் கூரை ஷீட்டை ஒட்டும் பசைக்கு 250 கிராம், அதே கூரையின் சீலன்டுக்கு 450, ஷீட் இல்லாத கூரையின் சீலன்டுக்கு 300. எந்த வகை என்று தெரியாமல் ஒப்பிட முடியாது.

தண்ணீரைக் கழித்துக் கணக்கிட்ட எண்ணா என்றும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டின்னில் 600 மில்லி தண்ணீரும் 80 கிராம் கரைப்பானும் இருந்தால், உச்ச அளவோடு ஒப்பிட வேண்டியது 80 அல்ல. 80-ஐ மீதி 0.4 லிட்டரால் வகுத்து வரும் 200.

எண் சரியாக இருந்தாலும் பாதுகாப்புத் தாளைப் படிக்க வேண்டும். பாராகுளோரோபென்சோட்ரைஃப்ளூரைடு என்ற கரைப்பான் நெடுங்காலம் கணக்கிலேயே சேரவில்லை. புற்றுநோய் அபாயம் தெரிந்தபின், 2022 திருத்தத்தில்தான் அதைப் படிப்படியாக விலக்க அந்த வாரியம் முடிவெடுத்தது.

“அளவுக்குள் இருக்கும் பசை பிடிக்காது, மறுபடி ஒழுகும்.”

கூரைக்குக் கட்டடத்தின் வேறு பல வகைகளைவிட உயர்ந்த அளவையே தந்திருக்கிறார்கள். சிலிக்கோன் வகையிலும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் வகையிலும் அளவுக்குள் நிற்கும் சீலன்டுகள் உண்டு. அக்ரிலிக் ஈரத்தில் காயாது என்பது உண்மை. அதனால் ஐப்பசி அடைமழையில் அவசரமாகப் பூசாமல், பங்குனி சித்திரையிலேயே வேலையை முடிக்க வேண்டும். வாட்டம் சரியில்லாத தளமும், தூசி தட்டாத விரிசலும், ஈரம் காயாத சுவரோரமும் எந்தப் பசையையும் தோற்கடிக்கும்.

“கிராமத்து வீட்டுக்கு இதெல்லாம் கூடுதல் செலவு.”

சரிபார்க்கக் காசு வேண்டாம். கடையில் தொழில்நுட்பத் தாளையும் பாதுகாப்புத் தாளையும் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் பொருளின் பெயர், வகை, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள். அரசுப் பள்ளிக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் கூரை செப்பனிடும் டெண்டரில் இந்த மூன்றையும் பொதுப்பணித் துறை கட்டாயமாக்க வேண்டும். அரசு கேட்டால் கடைக்காரர் அளவுக்குள் நிற்கும் சரக்கை வாங்கி வைப்பார். ஊரும் அதையே வாங்கும்.