அடுத்த அத்தியாயம் யாருடையது?



"எழுத ஆவல் உண்டு, நேரந்தான் கிடைப்பதில்லை" என்று நம் சங்க அன்பர்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தவர்தாம். பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கோடு மல்லாடும் குமாஸ்தாவுக்குக் கதை எங்கிருந்து வரும்? ஆனால் சென்ற ஆண்டு, சங்கத்து நண்பர்கள் எண்மர் கூடி, ஆளுக்கோர் அத்தியாயமாக ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கியபின் உண்மை விளங்கிற்று. குறை நேரத்தில் இல்லை. நம் எழுத்துக்காக ஒருவரும் காத்திராததே குறை.

இம்முறை புதிதன்று. 1931-ல் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் முதலிய துப்பறியும் கதாசிரியர்கள் கூடி, 'தி புளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை அத்தியாயம் அத்தியாயமாக எழுதினர். முன்னவர் போட்ட முடிச்சு எதனையும் பின்னவர் கைவிடலாகாது என்பது அவர்கள் விதி. தாம் எண்ணிய முடிவையும் பெரும்பாலோர் தனியே எழுதித் தந்தனர். நம் நாட்டில் ராஜேந்திர யாதவும் அவர் மனைவி மன்னு பண்டாரியும் மாறி மாறி எழுதிய 'ஏக் இஞ்ச் முஸ்கான்' என்ற இந்தி நாவல் வெளிவந்தது. கதாநாயகன் பகுதியைக் கணவரும், பெண்களின் பகுதியை மனைவியும் எழுதினர்.

நம் வட்டத்தினரும் முடிச்சைக் கைவிடலாகாது என்ற விதியை ஏற்றனர். ஒரே நோட்டுப் புத்தகம். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாள் தவணை.

மூன்றாம் அத்தியாயம் நம் பங்கு. வெட்கத்தோடு சொல்கிறோம்: நோட்டு ஏழு வாரம் நம் அலமாரியில் உறங்கிற்று. நமக்கு அடுத்தவர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவி. தமிழ் நன்றாகப் பேசுவார்; எழுத்துக் கூட்டியே படிப்பார். ஒரு மாலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமா, நான் சொல்லச் சொல்லப் பாட்டி எழுதித் தரேன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் அவங்களுக்குக் கண் ஆபரேஷன். அதுக்குள்ள நோட்டு கிடைக்குமா?"

அன்றிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து எழுதி முடித்தோம். சிறப்பான அத்தியாயம் என்று சொல்லமாட்டோம். கதாநாயகனை இடார்சி நிலையத்தில், கையில் பயணச்சீட்டு இன்றி நிறுத்திவிட்டோம்.

நான்காம் அத்தியாயத்தில், அதே பிளாட்பாரத்தில், இந்தி ஒரு சொல்லும் அறியாத இளம் மணப்பெண் ஒருத்தி பித்தளைக் குடத்தோடு வந்து இறங்குகிறாள். அது பாட்டி முதன்முதல் வடக்கே வந்த கதை. பேத்தியே அதற்கு முன் அதைக் கேட்டதில்லையாம்! அத்தியாயத்தின் கடைசிப் பத்து வரிகள் மட்டும் வேறு கையெழுத்து. பெரிய பெரிய எழுத்துகள், றகர ரகரப் பிழையும் உண்டு. வட்டத்தில் ஒருவரும் அதைத் திருத்தவில்லை.

முன்னாளில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில், டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்தாக வேண்டும். அதுவரை அப்பாதையில் வேறு வண்டி புறப்பட இயலாது. நாம் ஏழு வாரம் அடைத்து வைத்திருந்தது நோட்டை மட்டுமன்று, பின்னே காத்திருந்தவர்களின் பாதையையும் என்பதை அன்றே உணர்ந்தோம்.

பாட்டியின் கண் நலமாகிவிட்டது. நோட்டு இப்போது ஆறாமவர் கையில் இருக்கிறது. அடுத்த கதைக்கு வட்டத்தில் சேர விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வருக. தமிழ் எழுத வராதே என்று தயங்க வேண்டா. நீங்கள் சொல்லுங்கள், எழுத வீட்டில் ஒருவர் இருப்பார்.