துறைமுகத்தை அடைப்பது சுதேசியமாகாது

ஏரல் கடைத்தெருவிலும் அதைச் சுற்றியுள்ள தாமிரபரணிக் கரையூர்களிலும், வாழைக்கோ வெற்றிலைக்கோ விலை இறங்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைதூக்குகிறது: அந்நியச் சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே தடுத்துவிட்டால் நம் பணம் நம்மிடமே தங்கும், நம் தொழிலாளி பிழைப்பான், வ.உ.சி. காட்டிய சுதேசி மார்க்கமும் அதுவே என்பது. இதைச் சொல்பவர்களின் தேசாபிமானத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் படும் கஷ்டமும் கற்பனையன்று. ஆனால் பாண்டியரின் பழைய முத்துத் துறைமுகமான கொற்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பணம் வெளியேறுகிறது என்ற புலம்பல் புதிதன்று. அதை முதலில் புலம்பியவர்களும் நம்மவர் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்குக் குறையாமல் தம் நாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதி வைத்தார். செலவை அவ்வளவு கவனமாக எண்ணிய அந்தப் பெரியவர், உள்ளே வந்த மிளகையும் முத்தையும் வரவுப் பக்கத்தில் பதிய மறந்தார். ரோமாபுரி அவர் பேச்சைக் கேட்டுக் கதவடைத்திருந்தால் கொற்கையின் முத்துச் சலாபம் என்னவாகியிருக்கும்? இங்கே ஒன்றை மறைக்கலாகாது. அச்சலாபத்தில் மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லுகிறது. ஆகவே வர்த்தகம் நடந்த மாத்திரத்தில் மூழ்கினவன் வாழ்ந்துவிட்டான் என்று நானும் வாதிக்கவில்லை. ஆனால் அது பாண்டியனிடம் கேட்க வேண்டிய கணக்கு. ரோமாபுரியிடம் கேட்க வேண்டியதன்று.

இனி வ.உ.சி.க்கு வருவோம். இவ்விடத்தில் சற்று நின்றே பேச வேண்டும், ஏனெனில் தடைவாதிகள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பது பெரும்பாலும் அவரைத்தான். அவர் தொடங்கி 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி எதற்காக எழுந்தது? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டுவதற்காக. அதாவது, துறைமுகத்தை மூடுவதற்காக அன்று, அதன் போக்குவரத்தில் நமக்கும் ஒரு பங்கு கேட்பதற்காக. ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றை வாங்கும் உரிமை ஆசியர் அனைவருக்கும் அளிக்கப்பட்டது. பிரான்சில் வாங்கிய காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. அந்நியன் கட்டிய கப்பலில், கடல் கடந்த கரைக்கு, ஆசியக் கண்டத்தார் எவரும் பங்குபெறும்படி நடந்த ஒரு ஸ்தாபனத்தை, அயலார் சம்பந்தமே வேண்டாம் என்ற கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டுவது என்ன தர்க்கமோ, எனக்கு விளங்கவில்லை. அக்கம்பெனியை வீழ்த்தியது வெறும் வியாபாரப் போட்டியுமன்று. எதிரிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் இலவசமாக ஆளேற்றிக் குடையும் கொடுத்தது என்பார்கள். சர்க்காரின் கை அதன் பின்னால் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைந்தது. பலவான் விலையை அடித்து இறக்குகையில் எளியவன் முறையிடுவதற்கு ஒரு பொது நியாயஸ்தலம் இல்லாமற் போனதே அன்றைய குறை. துறைமுகம் திறந்திருந்தது குறையன்று.

கோவில்பட்டித் தீப்பெட்டியைச் சிலர் சுட்டுவார்கள். அதோடு போட்டியிட்ட, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் 2023 ஜூனில் தடுத்தது; தீப்பெட்டித் தொழிலை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஆகையால் அங்கே எழுந்த மகிழ்ச்சியில் நியாயமுண்டு. ஆனால் முழு லைட்டரைத் தடுத்தபின், 2024 அக்டோபரில் அதன் உதிரிபாகங்களையும் தடுக்க நேர்ந்தது. ஒரு தடை இன்னொன்றைக் கேட்காமல் இருப்பதில்லை. நம் தீப்பெட்டிகளோ அயல்நாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த நாட்டவரும் தம் ஊர்ப் பெண்களை எண்ணிக் கதவடைத்தால் நாம் என்ன சொல்வோம்?

தடைவாதிகளுக்கு உதவக்கூடிய மிகப் பலமான சான்றை அவர்கள் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் செழித்தார்கள். அடுத்து வந்த ஆட்சி கதவைத் திடீரெனத் திறந்துவிட்டபோது நொடித்தார்கள். மெய்தான். ஆனால் அதே வருஷங்களில் கொழும்பில் ஜனங்கள் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்றார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழரே பட்டினியால் மாண்டார்கள். உலக விலையேற்றமும் அதற்குக் காரணமாயிருந்தது. எனினும் ஒரு தமிழனின் வெங்காயத்துக்கு விலை ஏற்றிய கொள்கை இன்னொரு தமிழனின் கலயத்தை நிரப்பவில்லை. கதவைத் திறப்பதானால் படிப்படியாக, விவசாயிக்கு மாற்றுவழி காட்டிவிட்டுத் திறக்க வேண்டும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

உள்ளூர் வயிற்றுக்காக ஏற்றுமதியைத் தடுப்பதும் இதே ஜாதியைச் சேர்ந்தது. 2022இல் நெருக்கடியில் தவித்த இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவிய அதே இந்தியா, 2023 டிசம்பர் 8 அன்று வெங்காய ஏற்றுமதியை ஒரே உத்தரவில் நிறுத்திற்று. நம் வெங்காயத்தை நம்பியிருந்த அத்தீவின் அடுக்களைகளும் நம் சம்சாரிகளும் 2024 மே வரை சேர்ந்தே துன்பப்பட்டார்கள்.

மற்றவர்கள் அடைக்கையில் நாம் மட்டும் ஏன் திறந்திருக்க வேண்டும் என்பது கடைசி வாதம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, தூத்துக்குடியிலிருந்து இறால் அனுப்புவோரும் அடி வாங்கினர்; வாஷிங்டன் சொன்ன காரணங்களில் ஒன்று, தன் தொழிலாளியைக் காக்கிறோம் என்பது, நம் கடைத்தெருவில் கேட்ட அதே குரல்தான். இத்தகைய வழக்கைக் கேட்க உலக வர்த்தக அமைப்பில் ஒரு மேல்முறையீட்டு மன்றம் இருந்தது; புதிய உறுப்பினர் நியமனங்களை அமெரிக்கா மறுத்ததால் 2019 டிசம்பர் முதல் அது செயலற்றுக் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்குமாறு கேட்பதில் இந்தியா முன்னிற்க வேண்டும். லைட்டருக்கும் வெங்காயத்துக்கும் நினைத்த நேரத்தில் கதவடைக்கும் ஒரு நாடு அதைக் கேட்டால் எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதைத் தடைவாதிகள் யோசித்துப் பார்க்கட்டும்.