நின்ற வண்டிக்குப் பின்னால் நிற்கும் உயிர்கள்

கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் தினமும் விக்ரோலியைக் கடப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. வலது ஓரத்து வேகப் பாதையில் ஒரு கார் நின்றிருக்கும். பானெட் திறந்திருக்கும். ஓட்டி வந்தவர் கைப்பேசி வெளிச்சத்தில் எஞ்சினுக்குள் குனிந்திருப்பார். அவருடைய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால், தாணே பக்கம் விரையும் லாரிகளுக்கு நேர் எதிரே நிற்பார். நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மினுங்கவில்லை. முக்கோணப் பலகை டிக்கியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

அந்தக் குடும்பத்தை அங்கே நிறுத்தியது பழுதான எஞ்சின் மட்டும் அல்ல. ஓட்டத் தெரியாதவருக்கு உரிமம் கொடுத்த அலுவலகமும், கற்பிக்காமல் காசு வாங்கிய பயிற்சிப் பள்ளியும், ஒதுங்க இடமில்லாத சாலையைப் பராமரிக்கும் மாநகராட்சியும், தன் வண்டியைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாத உரிமையாளரும் இதற்குப் பொறுப்பு. நால்வரையும் கண்டிக்கிறோம்.

நின்ற வண்டிக்கு அருகில் நிற்பது எத்தனை ஆபத்தானது என்பதை மும்பை தன் கண்ணால் பார்த்திருக்கிறது. 2022 அக்டோபர் 5, விஜயதசமி. பொழுது விடியும் முன் பாந்த்ரா - வொர்லி கடற்பாலத்தில் ஒரு கார் விபத்துக்குள்ளாகி நின்றது. உதவிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, வேறு வண்டிகளும் நின்றன. வேகமாக வந்த இன்னொரு கார் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். உதவி செய்ய வந்த பாலத்தின் ஊழியர்களும் அவர்களில் உண்டு. கேமராவில் பதிவான அந்தச் சில நொடிகளை நாடே பார்த்தது. முதல் விபத்தைவிட, அது நடந்த இடத்தில் நிற்பதுதான் உயிரைக் குடிக்கிறது என்று அன்றே இந்த நகரம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை என்பதற்கு விக்ரோலியின் வேகப் பாதை சாட்சி.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 19 மீட்டர் கடக்கிறது. நின்ற காருக்கு 50 மீட்டர் பின்னால் முக்கோணம் வைத்திருந்தால்கூட, அதைப் பார்த்த லாரி ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டரை நொடி. முக்கோணமும் இல்லை, விளக்கும் இல்லை, மழை வேறு பெய்கிறது என்றால் அவருக்கு எதுவுமே கிடைப்பதில்லை.

வண்டி ஏன் வேகப் பாதையிலேயே நிற்கிறது? பெரும்பாலான கோளாறுகள் சொல்லிக்கொண்டுதான் வருகின்றன. வெப்பமானியின் முள் ஏறும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், பேட்டரி விளக்கு எரியும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறும். அந்த நிமிடமே இடது இண்டிகேட்டரைப் போட்டு, பாதை பாதையாக இறங்கி சர்வீஸ் சாலைக்குப் போயிருக்கலாம். விக்ரோலியில் நெடுஞ்சாலையை ஒட்டியே சர்வீஸ் சாலை ஓடுகிறது. பஞ்சரான டயருடன் மெதுவாக உருட்டிக்கொண்டே அங்கே போய்விட முடியும். டயர் கிழியும், ரிம் நெளியும். நெளியட்டும். ஆனால் வாடகைக் கார் ஓட்டுகிற நம் பையன்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரிம் போனால் சம்பளத்தில் பிடிப்பார் முதலாளி. அந்தப் பயத்தில்தான் டயர் வெடித்த இடத்திலேயே நிறுத்தி, வண்டிகள் பறக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டெப்னி மாற்றுகிறார்கள். ஓட்டுநரின் உயிரைவிட ரிம்மை உயர்வாக நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. தாராவி அறுபதடிச் சாலையிலும் செம்பூரிலும் நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறோம்: டயர் செலவு முதலாளியுடையது என்று உங்கள் ஓட்டுநரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி, உரிமம் கொடுப்பவர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் வந்தவை. இலகுரக வண்டி கற்பிக்கும் பள்ளி குறைந்தது 21 நாள் பயிற்சி தர வேண்டும், அதில் மாணவர் உண்மையாகவே வண்டி ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது என்று அவை சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளோ இலகுரக வண்டிக்கு 29 மணி நேரம் கேட்கின்றன. உங்கள் வீட்டில் உரிமம் வைத்திருப்பவரைக் கேளுங்கள்: பத்து மணி நேரம் ஓட்டினாயா? காலையில் அரை மணி நேரம், அதிலும் ஒரே காரில் மூன்று பேர், பயிற்சியாளரின் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். வண்டியை ஓட்டியது யார் என்பது பயிற்சியாளருக்குத்தான் தெரியும். எச்சரிக்கை விளக்கின் சிவப்பு முக்கோணப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்டாமல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறார்கள்.

விக்ரோலிக்கு உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வடாலாவில் இருக்கிறது. அங்கே தேர்வு நாளில் வண்டியை எடுக்கவும் திருப்பவும் பின்னால் எடுக்கவும் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஓடும் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று செய்துகாட்டச் சொல்வதில்லை. வண்டி நிற்காது என்ற உத்தரவாதத்தை யார் கொடுத்தார்கள்?

கருவிகளைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் குர்லா காட்டிவிட்டது. விக்ரோலியிலிருந்து மூன்றே ரயில் நிலையம். 2024 டிசம்பர் 9ஆம் தேதி இரவு, எஸ். ஜி. பார்வே சாலையில் 332ஆம் தடத்து பெஸ்ட் மின்சாரப் பேருந்து கூட்டத்துக்குள் புகுந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். பிரேக்கில் கோளாறு இல்லை என்று ஆய்வில் தெரிந்ததாகவும், கிளட்ச் உள்ள வண்டிகளை ஓட்டிப் பழகிய அந்த ஓட்டுநருக்குக் கிளட்ச் இல்லாத மின்சாரப் பேருந்தில் போதிய பயிற்சி தரப்படவில்லை என்றும் செய்திகள் வந்தன. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லும். பயிற்சியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்று நம் தெருக்களில் ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகிவிட்டன. இருபது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால், கிளட்ச் இல்லாத வண்டியில் பதற்றம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. வலது கால் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை, அதை ஓரமாக வைத்துவிட வேண்டும். வண்டி தானாகப் பாய்ந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியை அவசரத்தில் எப்படி அணைப்பது என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறது. அந்தக் கையேட்டைப் பிரித்தவர் யார்? பிரேக் பிடிக்கவில்லை என்றால் மிதியை மளமளவென்று பலமுறை அழுத்தி, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும். ஓடும்போது சாவியைத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். டயர் வெடித்தால் பிரேக் மேல் பாயாமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். இவற்றை ஒரு மதியப் பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கு அந்த மதியம் கிடைக்கவில்லை.

மழையை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்று காருக்குள்ளேயே சிக்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில், நம் மாட்டுங்காவுக்கு அடுத்த சயானில், தண்ணீரில் நின்ற காருக்குள் ஓர் இளம் வழக்கறிஞர் இறந்துகிடந்தார். தண்ணீர் கதவின் அடியைத் தொடும்போதே கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்று இந்த நகரத்தின் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் 2006லேயே கற்பித்திருக்க வேண்டாமா? மின்சாரம் தண்ணீரில் செத்தால் கண்ணாடி இறங்காது. வெளியே தண்ணீர் ஏறினால் அதன் அழுத்தத்தில் கதவைத் தள்ளவும் முடியாது. புகைக்குழாய் மூழ்கிய வண்டியில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால் நச்சு வாயு உள்ளே வரும். அது கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. கண்ணாடியை உடைக்க நேர்ந்தால் முன்கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்கக் கூடாது, அது நடுவே தாள் வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடியின் மூலையில் சிறு சுத்தியலாலோ, தலைசாய்க்கும் திண்டைக் கழற்றி அதன் இரும்புக் கம்பியாலோ அடிக்க வேண்டும். தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி மறுபடி கிளப்ப முயன்றால் உள்ளே புகுந்த தண்ணீர் எஞ்சினையே முறித்துவிடும். விக்ரோலியில் எல்.பி.எஸ். சாலையில் வண்டி ஓட்டும் எவருக்கும் இது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மாநகராட்சிக்கு வருவோம். கிழக்கு, மேற்கு விரைவு நெடுஞ்சாலைகள் 2022இல் அதன் கைக்கு மாறின. விக்ரோலியில் எல்.பி.எஸ். சாலையை நெடுஞ்சாலையோடு இணைக்கும் ரயில்வே மேம்பாலம் 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பல வருடம் காத்திருந்த மக்களுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. காமராஜ் நகர் மக்களை இடம் மாற்றி, செடா நகரிலிருந்து தாணே வரை உயர்மட்டப் பாதை கொண்டுபோகும் வேலையும் நடக்கிறது. இத்தனை கோடிகள் கொட்டும் இடத்தில், பழுதான வண்டி ஒதுங்க விரிவுபடுத்திய ஓரங்கள் எங்கே? மழைக்காலத்தில் நெரிசல் நேரத்துக்காவது இழுவை வண்டி ஒன்று விக்ரோலியிலேயே தயாராக நிற்கிறதா? எந்த இடத்தில் நிற்கிறோம் என்று 112க்குச் சொல்ல, சாலையோரக் கம்பங்களில் எண்கள் பெரிதாக எழுதியிருக்கின்றனவா? ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படி நிற்கும் வண்டியை அகற்ற 127ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதிகாரம் இருக்கிறது, அகற்ற ஆள் வருவதற்குள் பின்னாலிருந்து வண்டி வந்துவிடுகிறது.

கார் விற்பவர்களும் தப்ப முடியாது. புது வண்டிக்கு ரிப்பன் கட்டி, மாலை போட்டு, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்த அரை மணியில் ஜாக்கியை வண்டியின் எந்த விளிம்பில் பொருத்துவது, முக்கோணத்தை எப்படி விரிப்பது, இழுவைக் கொக்கி எங்கே திருகுவது என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். சி.என்.ஜி. வண்டி என்றால் வாயு நாற்றம் வந்ததும் சிலிண்டர் வால்வை எப்படி மூடுவது என்று காட்டாமல் சாவியைக் கொடுப்பது குற்றமாகவே கருதப்பட வேண்டும். அந்தச் சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை கட்டாயம் என்பதை எத்தனை உரிமையாளர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நம்மவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குகிறோம். அது நம் நம்பிக்கை, அது இருக்கட்டும். அதே நாளில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் வீடுகள் எத்தனை? சூடான ரேடியேட்டர் மூடியை அவசரமாகத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை நம் சுற்றத்திலேயே பார்க்கிறோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுந்தவர்களையும் பார்க்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை. வடாலா ஆர்டிஓ அடுத்த மழைக்காலத்துக்குள் தன் தேர்வில் நின்ற வண்டியைச் சேர்க்க வேண்டும்: எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, முக்கோணம் வைத்து, பயணிகளைச் சாலைக்கு வெளியே நிறுத்திக் காட்டாதவருக்கு உரிமம் கிடையாது. பத்து மணி நேரம் ஓட்ட விடாத பள்ளிகளின் அனுமதியைப் போக்குவரத்து ஆணையர் ரத்து செய்ய வேண்டும். மாநகராட்சி விக்ரோலிக்கு இழுவை வண்டியும் ஒதுங்கும் இடமும் தர வேண்டும்.

இவை நிறைவேறும் வரை ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். வண்டி வேகப் பாதையில் செத்துவிட்டால், இரவில் அதைக் குறுக்கே தள்ளாதீர்கள். விளக்கைப் போடுங்கள். வண்டிகள் வராத இடைவெளி பார்த்து இறங்கி, தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலும் நிற்க வேண்டாம், பின்னாலும் நிற்க வேண்டாம். இறங்கவே வழியில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து 112ஐ அழையுங்கள். பெட்டியும் பையும் உள்ளேயே கிடக்கட்டும், குழந்தையை மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள்.